மாணாக்கர் நடத்தும் ஹோட்டல்

ஹோட்டல் நடத்துவதற்குச் சர்வகலாசாலைப் பட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மகன் கேட்டரிங் படிக்கிறான் என்று சொல்ல நேரும்போது குரலைச் சற்றே தாழ்த்திக்கொள்ளும் பெற்றோர் நம் ஊரில் இன்னும் முற்றும் மறைந்துவிடவில்லை. நூறு வருஷங்களுக்கு முன் அமெரிக்காவில் அந்தக் கேள்வியைக் கேட்டவர்களுள் மிகவும் பிரசித்தமானவர் ஒரு ஹோட்டல் அதிபரே ஆவார். 1863-ஆம் வருஷம் பிறந்து, சிறு பிராயத்திலேயே கண்ணாடித் தொழிற்சாலையில் உழைத்து, பதின்மூன்றாம் வயதில் வீலிங் என்ற ஊரிலுள்ள ஒரு ஹோட்டலில் பெட்டி தூக்கும் பையனாகச் சேர்ந்து, அங்கிருந்து படிப்படியாக மேலேறி, 1908-இல் பப்பலோ நகரத்தில் ஒவ்வோர் அறைக்கும் தனிக் குளியலறை அமைத்து அதை ஒன்றரை டாலருக்கு வாடகைக்குக் கொடுத்துப் பிரயாணிகளை வியக்கவைத்த எல்ஸ்வொர்த் மில்டன் ஸ்டாட்லர்தாம் அவர். அவர் ஒரு முறை கார்னெல் சர்வகலாசாலையில் அப்போது புதிதாக ஏற்பட்டிருந்த ஹோட்டல் நிர்வாக வகுப்பைப் பார்க்க வந்தார் என்றும், அங்கே வெப்பத்தை அளக்கும் கணக்குகளை ஆசிரியர் விளக்கிக்கொண்டிருப்பதைக் கண்டு, இதற்கெல்லாம் ஆள் வைத்துக்கொள்ளலாம், நீங்கள் காலத்தை வீணாக்காமல் ஏதாவது ஒரு ஹோட்டலில் போய் வேலைக்குச் சேருங்கள் என்று மாணாக்கருக்கு உபதேசம் செய்துவிட்டுப் போனார் என்றும் அந்தப் பள்ளியில் வழிவழியாக ஒரு கதை சொல்லுகிறார்கள். கதையில் எவ்வளவு மெருகு ஏறியிருந்தாலும், அவருடைய அபிப்பிராயம் அதுவாகத்தான் இருந்தது.

கார்னெல் சர்வகலாசாலை நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதியில், கயூகா என்னும் நீண்ட ஏரியின் தென்கோடியில், இதாகா என்ற சிற்றூருக்கு மேலே மலைச்சரிவில் இருக்கிறது. தந்தித் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய எஸ்ரா கார்னெல் என்பவர், யார் வந்து எந்த வித்தையைக் கேட்டாலும் அது கிடைக்கவேண்டும் என்ற நோக்கத்தோடு 1865-இல் அதை ஸ்தாபித்தார். கிரேக்கமும் லத்தீனும் பெற்றிருந்த ஆசனத்தை வேளாண்மைக்கும் இயந்திர வித்தைக்கும் கொடுத்த அந்த ஸ்தாபனம், ஹோட்டல் தொழில் வந்து கதவைத் தட்டியபோது முகம் சுளிக்காமல் இடம் கொடுத்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

கதவைத் தட்டியவர்கள் அமெரிக்க ஹோட்டல் முதலாளிகளின் சங்கத்தார். முதல் உலக யுத்தம் முடிந்து மோட்டார் வண்டிகளும் பிரயாணங்களும் பெருகி, நகரந்தோறும் ஆயிரம் அறைகள் கொண்ட ஹோட்டல்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அதே சமயத்தில், 1920-இல் மதுவிலக்கு அமலுக்கு வந்து, அதுவரையில் மற்ற இலாகாக்களின் நஷ்டத்தையெல்லாம் மூடி மறைத்துவந்த மதுக்கடை வருமானம் ஒரே நாளில் நின்றுபோயிற்று. சமையலறையில் எவ்வளவு வீணாகிறது, ஓர் அறையைச் சுத்தம் செய்ய என்ன செலவாகிறது, கொதிகலனில் எரியும் நிலக்கரிக்கும் கிடைக்கும் வெந்நீருக்கும் கணக்குச் சரியாக இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து நடத்தக்கூடிய நிர்வாகிகள் அப்போதுதான் தேவையானார்கள். அத்தகையவர்களைத் தேடியபோது அகப்படவில்லை. ஆகவே 1922-இல் கார்னெலில் ஹோட்டல் நிர்வாக வகுப்பு தொடங்கியது. அது தொடங்கிய இடத்தைக் கவனிக்கவேண்டும். வர்த்தகத்துக்கென்று ஒரு கல்லூரி அப்போது அங்கே இல்லாமையால், மார்த்தா வான் ரென்ஸலேர், பிளோரா ரோஸ் என்ற இரண்டு பெண்மணிகள் வளர்த்துவந்த மனையியல் பள்ளியின் ஒரு கிளையாகவே அது பிறந்தது. உணவின் ரஸாயனம், போஷணை, துணிகளின் தன்மை, இல்லத்தின் ஒழுங்கு ஆகியவற்றைப் பெண்களுக்குப் போதித்த ஆசிரியைகளே நாளைய ஹோட்டல் மானேஜர்களுக்கும் முதற்பாடம் சொன்னார்கள். பிற்காலத்தில் இந்தப் பள்ளியின் சரித்திரத்தைச் சொல்பவர்கள் பெரிய முதலாளிகளின் பெயர்களைச் சொல்லும் அளவுக்கு இந்த இரு பெண்களின் பெயர்களைச் சொல்வதில்லை என்பது என்னுடைய மனத்தாங்கல்.

வகுப்பை நடத்த வந்தவர் ஹவர்ட் பாக்னல் மீக் என்ற இளம் ஆசிரியர். முதல் வருஷம் சேர்ந்த மாணாக்கர் இருபத்தொருவர். மீக் 1961 வரையில், ஏறக்குறைய நாற்பது வருஷகாலம், அந்தப் பள்ளியின் தலைமையை வகித்தார். ஐரோப்பாவில் இதற்கு முன்பே, 1893-இல், ஸ்விட்ஸர்லாந்தின் லோஸான் நகரத்தில் ஒரு ஹோட்டல் பள்ளி ஏற்பட்டிருந்தது. ஆனால் ஒரு சர்வகலாசாலைக்குள், பௌதிகம் படிப்பவனும் சட்டம் படிப்பவனும் நடமாடும் அதே வளாகத்தில், ஹோட்டல் தொழிலுக்குப் பட்டப்படிப்பு என்று ஒன்று ஏற்பட்டது கார்னெலில்தான் முதன்முதலாக.

பள்ளி தொடங்கி நாலாவது வருஷத்தில் நடந்த ஒரு காரியமே இன்றுவரை அதன் மாணவ வாழ்க்கைக்கு உயிர்நாடியாக இருந்துவருகிறது. வகுப்பில் ஹோட்டலைப்பற்றிப் படிக்கிறோமே, ஒரு ஹோட்டலை நாமே நடத்திப் பார்த்தால் என்ன என்று மாணாக்கருக்குத் தோன்றிற்று. 1926-ஆம் வருஷம் மே மாதம், ரிஸ்லி மாளிகை என்னும் பெண்கள் விடுதியை ஒரு நாளைக்கு ஹோட்டலாக மாற்றி, ஸ்தாபகரின் பெயரால் அதற்கு ‘ஹோட்டல் எஸ்ரா கார்னெல்’ என்று நாமகரணம் செய்து, தொழிலில் பெயர்பெற்ற முதலாளிகளையும் மானேஜர்களையும் விருந்தாளிகளாக வரவழைத்தார்கள். வரவேற்பு மேஜையில் நின்றவர், பெட்டி தூக்கியவர், சூப் வைத்தவர், தட்டுக் கழுவியவர், கணக்கெழுதியவர் எல்லோரும் மாணாக்கர்களே. மறு வருஷம் நடந்த விருந்துக்கு ஸ்டாட்லரும் வந்திருந்தார். பையன்கள் வேலை செய்த விதத்தை ஆரம்பமுதல் கடைசிவரை அவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முடிவில் எழுந்து, தம்முடைய மனம் மாறிவிட்டதென்றும், மீக் எதைக் கேட்டாலும் கொடுக்கத் தயார் என்றும் பகிரங்கமாகச் சொன்னார். அடுத்த வருஷமே, 1928-இல், அவர் காலமாகிவிட்டார். ஆயினும் அவருடைய ஆஸ்தியிலிருந்து ஏற்பட்ட தர்ம ஸ்தாபனமும், அதைப் பரிபாலித்த அவருடைய மனைவி ஆலிஸ் ஸ்டாட்லரும் அந்த வாக்கைக் காப்பாற்றினார்கள். பள்ளிக்குச் சொந்தக் கட்டடமாகிய ஸ்டாட்லர் மண்டபம் 1950-இல் திறக்கப்பட்டது. அதை ஒட்டியே விருந்தாளிகள் பணம் கொடுத்துத் தங்கும் மெய்யான ஹோட்டல் ஒன்றும் எழுந்தது. இன்று அதில் நூற்றைம்பத்துமூன்று அறைகள் இருக்கின்றன.

‘ஹோட்டல் எஸ்ரா கார்னெல்’ இப்போது வசந்த காலத்தில் ஒரு வாரக் கடைசி முழுவதும் நடைபெறுகிறது. விருந்தாளிகள் பல ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். இதற்கென்று மாணாக்கருக்குள்ளேயே ஒரு நிர்வாக சபை உண்டு. தலைமை நிர்வாகியும், அவருக்குக் கீழே உணவுக்கும் அறைகளுக்கும் பணத்துக்கும் விளம்பரத்துக்கும் பொறுப்பாளர்களும் மாதக்கணக்காகத் திட்டமிடுகிறார்கள். யாரை அழைப்பது, எந்தக் கம்பெனியிடம் உதவி கேட்பது, எந்த விஷயத்தைப்பற்றிச் சொற்பொழிவு வைப்பது, நானூறு பேருக்கு ஒரே நிமிஷத்தில் சூடு ஆறாமல் எப்படிப் பரிமாறுவது, வருகிறேன் என்று சொன்னவர்கள் வராமலும் வரமாட்டேன் என்றவர்கள் வந்தும் நின்றால் அறைக்கு என்ன செய்வது என்பவையெல்லாம் அவர்களுடைய கவலை. முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் தட்டு எடுப்பதும் மேஜை துடைப்பதும்தான். ஆனால் அவர்கள் எந்தப் பெரிய மனிதரின் முன்னிருந்து தட்டை எடுக்கிறார்களோ, அவரே முப்பது வருஷங்களுக்கு முன் அதே மண்டபத்தில் இன்னொருவர் முன்னிருந்து தட்டு எடுத்தவராக இருப்பது சகஜம். அப்படிப்பட்டவர் தட்டை எடுக்கும் கையைக் கவனிப்பார். தவறு நேர்ந்தால் கோபித்துக்கொள்ளமாட்டார். தவறு நேர்ந்தபின் அந்தப் பையன் முகத்தை எப்படி வைத்துக்கொண்டான் என்பதைத்தான் கவனிப்பார்.

இந்தக் காலத்தில் நெட்வொர்க்கிங் என்று எல்லோரும் சொல்லுகிற காரியத்தின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வார்த்தையைக் கேட்டதும் நமக்கு நினைவு வருவது, கோட்டு அணிந்த இளைஞர்கள் ஒரு கூடத்தில் கூடி, கையில் பழரசத்தை வைத்துக்கொண்டு, பெயர் அச்சிட்ட அட்டைகளைப் பரிமாறிக்கொள்ளும் காட்சி. அப்படிச் சேர்ந்த அட்டைகள் மேஜை இழுப்பறையில் தூங்குவதைத்தான் நானும் கண்டிருக்கிறேன். ஹோட்டல் தொழிலில் ஒருவரையொருவர் அறிந்துகொள்வது வேலையின் நடுவில் நிகழவேண்டிய ஒன்று. ஏனென்றால் இந்தத் தொழிலுக்கு வேண்டிய குணங்களில் முக்கியமானவை சான்றிதழில் தெரியாதவை. இரவு பதினொரு மணிக்குக் களைத்து வந்த பிரயாணி தமக்கு ஒதுக்கியிருந்த அறை வேறொருவருக்குப் போய்விட்டது என்று அறிந்து குரலை உயர்த்தும்போது பதில் சொல்லுபவனுக்கு வேண்டிய நிதானத்தை எந்தப் பரீட்சை அளக்கும்? அதைக் கூடவே நின்று பார்த்தவன்தான் சொல்லமுடியும்.

மற்றொரு காரணமும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு பெரிய ஹோட்டல் ஒரே முதலாளியின் உடைமையாகத் தோன்றும். உண்மையில் அநேகமாக அப்படி இல்லை. கட்டடம் ஒருவருக்குச் சொந்தமாயிருக்கும். அதை நடத்தும் கம்பெனி வேறாயிருக்கும். வாசலில் மின்னும் பெயரோ, கட்டணம் வாங்கிக்கொண்டு பெயரை மட்டும் இரவலாகத் தரும் மூன்றாமவருடையதாயிருக்கும். மானேஜர்கள் சில வருஷங்களுக்கு ஒரு முறை ஊர் மாறுகிறார்கள், சிலர் தேசமே மாறுகிறார்கள். இப்படிச் சிதறிக்கிடக்கும் ஒரு தொழிலில், துபாயில் திறக்கப்போகும் ஹோட்டலுக்கு ஆள் தேடுபவர் சிங்கப்பூரிலுள்ள பழைய சகாவுக்குத் தொலைபேசியில் பேசி, உனக்குத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்பது இயல்பே. அந்தக் கேள்விக்கு விடையாக எழும் பெயர்களில் தன் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதே மாணாக்கன் அடையவேண்டிய லாபம்.

அன்றாடப் படிப்பு எவ்விதம் நடக்கிறதென்றும் சிறிது சொல்லவேண்டும். இந்தப் பள்ளியின் பிள்ளைகளைச் சர்வகலாசாலை முழுவதும் ‘ஹோட்டலீஸ்’ என்று செல்லமாகவும் கேலியாகவும் அழைக்கிறார்கள். அவர்களும் அந்தப் பெயரைப் பெருமையோடு ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். சமையலும் உபசாரமும் மட்டுமே படிக்கிறார்கள் என்று எண்ணிச் சிரித்த மற்றக் கல்லூரி மாணவன், அவர்களுடைய பாடப் பட்டியலைப் பார்த்தால் சிரிப்பை அடக்கிக்கொள்வான். கணக்கியல், நிதி, பொருளாதாரம், சட்டம், நிலம் கட்டடங்களின் மதிப்பீடு, ஊழியர் நிர்வாகம், கட்டட அமைப்பு எல்லாம் அதில் உண்டு. இன்றிரவு காலியாகக் கிடந்த அறையை நாளைக்கு இரண்டாக விற்கமுடியாது. ஆகவே எந்த நாளில், எவ்வளவு நாள் முன்னதாகக் கேட்பவருக்கு, என்ன விலை சொல்லவேண்டும் என்று கணிப்பது தனி சாஸ்திரமாகவே வளர்ந்திருக்கிறது. விமானக் கம்பெனிகளிடமிருந்து ஹோட்டல்களுக்கு வந்த அந்த சாஸ்திரத்தை இங்கே விரிவாகப் போதிக்கிறார்கள். 1960 முதல் வெளிவரும் பள்ளியின் காலாண்டுப் பத்திரிகையில் இத்தகைய ஆராய்ச்சிகளைக் காணலாம்.

இத்தனைக்கும் நடுவே சமையலறையும் இருக்கிறது. உணவு விடுதி நிர்வாகம் என்ற பாடத்தில் மாணாக்கர் குழுக்களாகப் பிரிந்து, மெய்யான வாடிக்கைக்காரர்களுக்கு மெய்யான விருந்து சமைத்துப் பரிமாறவேண்டும். ஒரு நாள் மானேஜராக உத்தரவிட்டவன் மற்றொரு நாள் அடுப்படியில் நிற்பான். இன்னொரு நாள் பாத்திரம் கழுவுவான். நேற்று அதிகாரம் செய்தவனை இன்று அதிகாரம் செய்பவன் எப்படி நடத்துகிறான் என்பதில் சிநேகங்களும் சண்டைகளும் விளைகின்றன. இரண்டும் வெகுகாலம் நீடிப்பவை.

பட்டம் பெறுவதற்குப் படிப்பு மட்டும் போதாது. எண்ணூறு மணி நேரம் தொழிலில் வேலை செய்ததற்கு அத்தாட்சியும் வேண்டும். கோடை விடுமுறைகளில் பெரும்பாலோர் இதை முடிக்கிறார்கள். கடற்கரை ஊர் ஒன்றில் படுக்கை விரிப்பு மாற்றியவரும், நியூயார்க் நகரத்தில் விருந்துக் கூடத்தில் நாற்காலி அடுக்கியவரும், ஏதோ ஒரு தலைமை அலுவலகத்தில் கணக்குச் சரிபார்த்தவரும் இலையுதிர் காலத்தில் இதாகாவுக்குத் திரும்பி வந்து ஒருவருக்கொருவர் கதை சொல்லும்போது, எந்தக் கம்பெனி ஊழியர்களை மதிக்கிறது, எங்கே சம்பளம் குறைவானாலும் கற்றுக்கொள்ள இடமுண்டு, எந்த மானேஜரிடம் ஒரு மாதம்கூட இருக்கமுடியாது என்ற செய்திகள் கைமாறுகின்றன. கம்பெனிகள் அச்சடித்து அனுப்பும் வழவழப்பான ஏடுகளைக்காட்டிலும் இந்த வம்பு மிகவும் பிரயோஜனமுள்ளது. படிக்கும் காலத்திலேயே ஸ்டாட்லர் ஹோட்டலில் பகுதிநேர வேலை பார்ப்பவர்களும் அநேகர். பனிக்காலத்தில், வெளியே முழங்காலளவு பனி கொட்டிக்கிடக்க, நடுநிசியில் அன்றைய வரவு செலவைக் கூட்டி முடிக்கும் நைட் ஆடிட் வேலை கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு மிகவும் ஏற்றது. பத்துப் பேருக்கு நடுவில் வாய் திறக்காதவன், அந்நேரத்தில் தூக்கம் வராமல் கீழே இறங்கி வரும் ஒரே ஒரு விருந்தாளியோடு நன்றாகப் பேசிப் பழகுகிறான்.

திராக்ஷை மதுவைப்பற்றிய வகுப்பு ஒன்றும் இங்கே உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1950-களில் தொடங்கிய இந்த வகுப்பு சர்வகலாசாலை முழுவதிலும் வெகு பிரசித்தம். பொறியியல் மாணவர்களும் இலக்கிய மாணவர்களும் கடைசி வருஷத்தில் இதில் இடம் கிடைக்காதா என்று அலைகிறார்கள். கண்ணாடிக் கிண்ணங்கள் மூன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கானோர் பெரிய அரங்கத்துக்குள் நுழையும் காட்சியைக் காணலாம். விளையாட்டாகச் சேர்ந்து, பரீட்சையில் தோற்றவர்களும் உண்டாம். மதுவைத் தொடாத குடும்பத்திலிருந்து செல்லும் நம்மவர் பிள்ளை, வாசனையைக்கொண்டே வித்தியாசம் அறியப் பழகிக்கொள்ளலாம். மதுவை விற்பவன் குடிகாரனாக இருக்கவேண்டும் என்ற அவசியம் எந்தத் தேசத்திலும் இல்லை.

பள்ளியை விட்டுப் போனவர்கள் ஒரு சங்கமாக அமைந்திருக்கிறார்கள். முன்பு ஆண்களின் சங்கமாகவே பெயர் வைத்துக்கொண்டிருந்த அது இப்போது கார்னெல் ஹோட்டல் சங்கம் என்று வழங்குகிறது. உலகத்தின் பெருநகரங்கள் பலவற்றில் அதற்குக் கிளைகள் உண்டு. புதிய ஊருக்கு வேலையாகப் போகும் இளைஞன் முதலில் அந்தக் கிளையின் செயலாளரைத் தேடிப்போனால், வாடகைக்கு வீடு பார்ப்பதிலிருந்து அடுத்த உத்தியோகம் வரையில் விசாரித்துக்கொள்ள இடம் கிடைத்துவிடுகிறது. தொழிலில் உயர்ந்தவர்கள் பள்ளிக்கு வந்து சொற்பொழிவு செய்வதும் வெகுகாலத்து வழக்கம். சொற்பொழிவாளரை வரவேற்றுச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போகும் பொறுப்பைச் சில மாணாக்கர் ஏற்கிறார்கள். புத்திசாலிகள் மேடைக்கு எதிரே உட்காருவதைவிட இந்தப் பொறுப்பையே விரும்பி ஏற்பார்கள்.

இந்தப் பரிச்சயங்களால் என்ன விளையும் என்பதற்கு உதாரணமாகச் சொல்லத்தக்கவர் சார்ல்ஸ் பீனி. நியூ ஜெர்ஸி மாநிலத்து எலிசபெத் என்ற ஊரில், ஐரிஷ் வம்சாவளியில் வந்த ஒரு சாமானியக் குடும்பத்தில் 1931-இல் பிறந்தவர். அமெரிக்க விமானப் படையில் சேர்ந்து ஜப்பானில் பணிபுரிந்தவர். யுத்த வீரர்களுக்கு அரசாங்கம் அளித்த கல்வி உதவியைக்கொண்டு கார்னெல் ஹோட்டல் பள்ளியில் சேர்ந்தவர். உதவித்தொகை செலவுக்குப் போதவில்லை. இரவில் மாணவர் விடுதிகளில் எல்லோருக்கும் பசிக்கும், ஆனால் கடை எதுவும் பக்கத்தில் இல்லை என்பதைக் கவனித்து, சாண்ட்விச்சுகளைத் தயாரித்து எடுத்துக்கொண்டு விடுதி விடுதியாகப் போய் விற்றார். வளாகத்தில் அவருக்கு ‘சாண்ட்விச்காரர்’ என்றே பெயர் ஏற்பட்டுவிட்டது. 1956-இல் பட்டம் பெற்று ஐரோப்பாவுக்குப் போனார். மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் வந்து நிற்கும் அமெரிக்கக் கடற்படை மாலுமிகளுக்குத் தீர்வையில்லாத சரக்கு விற்றால் நல்ல லாபம் வரும் என்று அங்கே அறிந்து, கப்பல்களைத் தேடிப் பார்சிலோனாவுக்குச் சென்றார். அந்த நகரத்தின் ரிட்ஸ் ஹோட்டலில் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், கார்னெலில் அவருக்கு ஒரு வருஷம் முன்னால் பட்டம் பெற்ற ராபர்ட் மில்லர். இருவரும் பேசினார்கள்; மில்லர் வேலையை விட்டுவிட்டு வந்து கூட்டுச் சேர்ந்தார். மாலுமிகளுக்கு மது விற்பதில் ஆரம்பித்து, பிறகு மோட்டார் வண்டிகளும் விற்று, 1960-களில் ஹாங்காங்கிலும் ஹவாயிலும் விமான நிலையக் கடைகளை எடுத்து நடத்தி, வெளிநாட்டுப் பிரயாணம் செய்யத் தொடங்கிய ஜப்பானியரின் கூட்டத்தை எதிர்பார்த்துத் தயாராக இருந்து, டியூட்டி ப்ரீ ஷாப்பர்ஸ் என்ற மாபெரும் வியாபாரத்தை அவர்கள் கட்டியெழுப்பினார்கள். ஜப்பானில் பீனி கற்றிருந்த மொழி அப்போது கைகொடுத்தது.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது, ஹோட்டல் படித்த இவ்விருவரும் ஹோட்டல் நடத்திப் பெருஞ்செல்வர் ஆகவில்லை என்பது. பிரயாணியின் மனம் எந்த நேரத்தில் எதை நாடும் என்று அறிவதே அவர்கள் கற்ற வித்தை. அதை எங்கே வேண்டுமானாலும் பிரயோகிக்கலாம் போலிருக்கிறது. பிற்காலத்தில் இருவருடைய வழிகளும் பிரிந்தன. பீனி 1984-இல் தம்முடைய சொத்துக்களை அநேகமாக முழுவதும் ஒரு தர்ம ஸ்தாபனத்துக்கு யாருக்கும் தெரியாமல் மாற்றிக் கொடுத்துவிட்டார். பத்து வருஷங்களுக்கும் மேலாக உலகம் அவரைப் பெரும் பணக்காரர் என்றே எண்ணிக்கொண்டிருந்தது. எண்ணூறு கோடி டாலர் அளவுக்குத் தானம் செய்து முடித்து, 2020-இல் அந்த ஸ்தாபனத்தையே மூடிவிட்டு, சான் பிரான்சிஸ்கோவில் வாடகை வீட்டில் வாழ்ந்து, 2023-இல் அவர் காலமானார். தாம் சாண்ட்விச் விற்ற சர்வகலாசாலைக்குப் பெரும்பாலும் பெயர் வெளியிடாமல் அவர் கொடுத்தது ஏறக்குறைய நூறு கோடி டாலர். வளாகத்தின் நடுவே செல்லும் ஒரு வீதிக்கு 2021-இல் அவர் பெயரை இட்டிருக்கிறார்கள்.

பீனியின் கதையைச் சொல்லி எல்லாம் நன்மையே என்று முடித்துவிட்டால் நான் பள்ளியின் விளம்பர உத்தியோகஸ்தனாகிவிடுவேன். பழக்கத்தினால் வேலை கிடைக்கும் தொழிலில், பழக்கமில்லாதவனுக்கு வேலை கிடைப்பது கடினம் என்பதையும் சொல்லவேண்டும். கார்னெல் தனியார் ஸ்தாபனம். அங்கே படிக்க ஆகும் செலவு மிகப் பெரிது. ஹோட்டல் முதலாளிகளின் பிள்ளைகள் இந்தப் பள்ளிக்கு வருவது தொன்றுதொட்ட வழக்கம். தந்தையின் ஹோட்டலில் கோடை விடுமுறையைக் கழிப்பவனுக்கும், உபகாரச் சம்பளத்தில் படித்துக்கொண்டு எண்ணூறு மணி நேரத்துக்கு இடம் தேடி அலைபவனுக்கும் காகிதத்தில் ஒரே விதிதான். அநுபவத்தில் வித்தியாசம் உண்டு. ஆனால் தட்டுக் கழுவும் தொட்டியின் முன் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இரண்டாமவன் முதலாமவனைக்காட்டிலும் நன்றாகக் கழுவுவான் என்றே நான் எதிர்பார்ப்பேன். பள்ளி செய்யக்கூடிய உபகாரம் அந்த இடத்தை உண்டாக்கிக் கொடுப்பது. அதற்கு மேல் வேண்டியதற்கு உபகாரச் சம்பளங்களும் பழைய மாணாக்கரின் மனச்சாட்சியும்தான் துணை.

பழைய மாணாக்கரின் பாசம் எவ்வளவு பலமானது என்பது 2016-இல் வெளிப்பட்டது. அந்த வருஷம் சர்வகலாசாலையின் நிர்வாகிகள் ஹோட்டல் பள்ளியையும் மற்ற இரண்டு வர்த்தகப் பள்ளிகளையும் இணைத்து ஒரே கல்லூரியாக்கினார்கள். அந்த யோசனை வெளியானவுடனே பல தேசங்களிலுமிருந்து ஆட்சேபங்கள் வந்து குவிந்தன. தங்கள் பள்ளி ஒரு பெரிய கல்லூரியின் மூலையில் கரைந்துபோய்விடும், ஹோட்டலீஸ் என்ற ஜாதியே இல்லாமற்போகும் என்று அவர்கள் பயந்தார்கள். நிர்வாகிகள் பள்ளிக்குத் தனிப் பெயரும் தனிப் பட்டமும் உண்டு என்று உறுதி சொல்லி இணைப்பை நடத்திவிட்டார்கள். பீட்டர், ஸ்டெபனி நோலன் தம்பதியர் ஐந்து கோடி டாலர் வழங்கியதை முன்னிட்டு 2021-இல் பள்ளி அவர்கள் பெயரைப் பெற்றபோதும் ‘ஹோட்டல் நிர்வாகப் பள்ளி’ என்ற பகுதியை யாரும் நீக்கவில்லை.

இப்போது விவாதம் வேறு திசையில் போய்க்கொண்டிருக்கிறது. படித்து வெளியேறுபவர்களில் அநேகர் ஹோட்டல்களுக்குப் போகாமல், நிலம் கட்டடங்களில் முதலீடு செய்யும் கம்பெனிகளுக்கும், பாங்குகளுக்கும், யோசனை சொல்லும் ஸ்தாபனங்களுக்கும் போகிறார்கள். மூத்த ஹோட்டல்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. படுக்கை விரிக்கத் தெரியாதவன் ஹோட்டலை விலை பேசுகிறானே என்று வருந்துகிறார்கள். இளைஞர்களும் பதில் வைத்திருக்கிறார்கள். கட்டடத்தின் சொந்தக்காரர் பக்கத்தில் ஹோட்டல் தெரிந்தவன் ஒருவன் உட்கார்ந்திருந்தால்தான் பழைய சமையலறையை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்குப் பணம் கேட்டு வரும் மானேஜரின் பேச்சு அங்கே எடுபடும் என்கிறார்கள். அந்த மானேஜர் பெரும்பாலும் அவர்களுடைய வகுப்புத் தோழராகவே இருக்கிறார்.